கொடிக்கயிறு கட்டிய குழாய்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமாக இருப்பதைச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ‘சதுப்புக் காட்டுக்குத் தண்ணீரைத் திருப்பித் தந்தவர்’ என்று தலைப்புப் போட்டு, கையில் விருதோடு பெரிய படம். டை உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. யார் கட்டிவிட்டார்கள் என்று கேட்க மாட்டேன்.

ஃபோன் செய்தால் “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் குட்டிக்கு முன்பல் விழுந்து முளைத்தும்விட்டது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டு விஷயம் முதலில். வாசலில் இன்னொரு படி போட்டாயிற்று. நாம் கல்யாணமான புதிதில் இந்த ஆய்வு நிலையத்துக்குக் குடிவந்தபோது ஒரே ஒரு படிதான் இருந்தது, நினைவிருக்கிறதா? அதிலும் நீங்கள் கால் வைக்க மாட்டீர்கள், ஒரே எட்டில் ஏறிவிடுவீர்கள். இப்போது குட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். வீட்டின் தூண்கள் அடிக் களிமண் வரை போயிருப்பதால் வீடு அதே இடத்தில் நிற்கிறது. தரைதான் கீழே போய்க்கொண்டிருக்கிறது. கொத்தனார் படியைப் பூசிக்கொண்டே, “ஏம்மா, மாடி வீடே கட்டியிருக்கலாமே” என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார். சிரித்து வைத்தேன்.

மதகுக்காரர் அண்ணனின் மனைவி வெள்ளத்தில் போனதற்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். ‘ஆழ்ந்த வருத்தம்’ என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு ஆழம் என்று எழுதவில்லை. அதை அளப்பதுதானே உங்கள் வேலை! கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, “சார் மறக்கல பாருங்கம்மா” என்றார். நான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

அன்று நடந்ததை உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சாயங்காலம் மழை வலுத்தது. வாய்க்கால் ஆற்றில் சேருமிடத்தில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்குகிறதே, ‘மழை வலுத்தால் மதகை முழுதாகத் திறக்கவும்’ என்று, அடியில் உங்கள் கையெழுத்தோடு. அண்ணன் அதன்படியே சக்கரத்தைச் சுற்றித் திறந்தார். தண்ணீர் வெளியே போகவில்லை. ஆறு உள்ளே வந்தது. வருகிறதே என்று பயந்து இன்னும் சுற்றினார், இன்னும் திறந்தார். பலகையில் அப்படித்தானே போட்டிருக்கிறது? நிலைய ஊழியர்களின் கீழ்வரிசைக் குடியிருப்பில் இருந்தவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அவர் மனைவி இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். தூக்க வேண்டியவர் மதகில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த அக்கா நடமாட்டமாக இருந்தபோது ஒருமுறை நம் சமையலறை வாசலில் வந்து நின்று, “கீழ வீட்ல எப்பவும் ஓதமா இருக்கு சார், மேல ஒண்ணு மாத்திக் குடுங்க” என்று கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ இருக்காதோ. நீங்கள் உங்கள் நீல வரைபடத்தை விரித்து, கீழ்வரிசை ஆற்றைவிட உயரத்தில்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாக விளக்கினீர்கள். பாவம், தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போது விசாரணைக்குழு வந்திருக்கிறது. கையில் உங்கள் அறிக்கைதான். அவர்கள் கணக்கு ரொம்ப எளிது. அறிக்கைப்படி தரை ஆற்றைவிட உயரம். மதகைத் திறந்திருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும். வடியவில்லை, ஆகவே திறக்கவில்லை. “நான் தெறந்தேன் சார், தண்ணிதான் உள்ள வந்துச்சு” என்று அண்ணன் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ல, குழுத் தலைவர், “ஏம்ப்பா, தண்ணி மேட்டுல ஏறுமா?” என்று கேட்டுச் சிரித்தாராம். கூட இருந்தவர்களும் சிரித்தார்களாம். தூங்கிப்போய்ப் பெண்டாட்டியைக் கொன்றவன் என்று கடைத்தெருவில் காதுபடவே பேசுகிறார்கள். அவரே இப்போது குழம்பிப்போய், “ஒருவேளை சக்கரத்த மாத்திச் சுத்திட்டேனோம்மா?” என்று என்னிடம் கேட்கிறார். செய்யாத தப்பை அந்த மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

அவர் எதையும் மாற்றிச் சுற்றவில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொல்லைப்புறத்துக் குழாய்க்கு வருகிறேன். தண்ணீர் மட்டம் பார்க்க நீங்கள் முதன்முதலில் இறக்கிய குழாய் அதுதான். களிமண் வரை இறக்கியதால் அது அசையாது. வந்த புதிதில் அதன் தலை என் மார்பளவு இருந்தது, அதனால் கொடிக்கயிற்றை அதில் கட்டினேன். ஆய்வுக் கருவியில் துணி காயப்போடுகிறாயே என்று கத்தினீர்கள், அப்புறம் உங்கள் பனியனையும் அதிலேயே காயப்போட்டீர்கள். அது வருஷா வருஷம் உயர்ந்தது. “பைப் வளருதாப்பா?” என்று குட்டி கேட்டதற்கு, “ஆமா, உன்ன மாதிரியே சாப்ட்டு வளருது” என்றீர்கள். அந்தக் கழுதை தன் பாலைக் கொண்டுபோய் அதன் அடியில் ஊற்றிவிட்டு வந்தாள். அன்று எவ்வளவு சிரித்தோம்! இப்போது நான் முக்காலி போட்டு ஏறித்தான் துணி காயப்போடுகிறேன்.

காட்டுக்குள் இருந்த மற்றக் குழாய்களும் இப்படித்தான் வளர்ந்து நின்றன. பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று, “ஃபோட்டோல அசிங்கமா இருக்கும், எல்லாத்தயும் ஒரே மட்டமா அறுத்துடுங்க” என்றீர்கள். கணுக்கால் உயரத்துக்கு எல்லாவற்றையும் அறுத்தார்கள். தரை எவ்வளவு இறங்கியது என்று காட்ட இருந்ததெல்லாம் அதோடு போயிற்று. தரையின் உயரத்துக்கு மட்டும் நாம் வந்த வருஷத்துப் பழைய எண்ணையே அறிக்கையில் வைத்துக்கொண்டீர்கள். தண்ணீர் தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, காட்டு வாய்க்கால்களில் நாம் கட்டிய தடுப்பணைகள் வேலை செய்கின்றன என்று கைதட்டினார்கள். தண்ணீர் எங்கே ஏறியது? தரையல்லவா தண்ணீரிடம் இறங்கிப் போனது!

இதை நான் சாப்பாட்டு மேசையில் உங்களிடம் சொன்னேன். இலையும் வேரும் மக்கிச் சேர்ந்த இந்தச் சதுப்பு மண் உலர்ந்ததும் கரியமில வாயுவாகிக் காற்றில் போகிறது, வாயுவை அளக்க நான் தரையில் கவிழ்த்து வைத்திருக்கிற பெட்டிகளில் அது தெரிகிறது, போன மண்ணுக்குத் தக்கபடி தரை இறங்காமல் என்ன செய்யும் என்று கேட்டேன். “உன் பெட்டி ஒழுகுது” என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, “தெரியும், அடுத்த அறிக்கைல பாத்துக்கலாம்” என்றீர்கள். நம் இருவருக்கும் இங்கே வேலை பிரித்தபோது உங்களுக்குத் தண்ணீர், எனக்குக் கரி என்று விளையாட்டாகச் சொன்னீர்கள். முகத்தில் பூசத்தான் கொடுத்தீர்கள் என்று அப்போது விளங்கவில்லை. என் அத்தியாயம் இல்லாமலே அறிக்கை அச்சாகி வந்தது. அதுகூடப் போகட்டும். உங்கள் ‘அடுத்த அறிக்கை’க்கு அந்த அக்காவால் காத்திருக்க முடியவில்லையே, அதுதான் ஆறவில்லை.

ஒரு அலுவலக விஷயம். அறுபடாமல் மிச்சமிருக்கிற குழாய் கொல்லைப்புறத்தில் இருப்பது ஒன்றுதான் என்று உங்கள் மேலிடத்துக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ‘பழுதடைந்த குழாயை அகற்றவும்’ என்று உத்தரவு வந்திருக்கிறது. அதில் யார் கையெழுத்து என்று நான் பார்க்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அறுக்க வந்த ஆளிடம், “துணி காயுது, அப்புறம் வாப்பா” என்று சொல்லி அனுப்பினேன். தினமும் ஏதாவது துணியை நனைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போட ஒன்றுமில்லாத நாளில் நீங்கள் விட்டுப்போன சட்டைகளைத் துவைத்துப் போடுகிறேன்.

அடுத்த மாதம் விசாரணை முடிகிறது. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழுவைக் கொல்லைக்கு அழைத்துவந்து, முக்காலியில் ஏறிக் கையை நீட்டிக் காட்டப் போகிறேன். அதற்கு அடுத்து என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரியாதா என்பார்கள். நான் பதில் சொன்னால் நீங்கள் பொய் சொன்னவர். அதற்கு முன்னால் நீங்களே வந்து சொன்னால் தப்பு செய்து ஒத்துக்கொண்டவர். குட்டி எந்த அப்பாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேச்சு கேட்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இனியும் மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

மதகுக்காரர் அண்ணன் இன்னமும், “சார் வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்மா” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் கோபப்படுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விருதையும் டையையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நாலு நாள் இருக்க வருகிறீர்களா, இருக்கவே வருகிறீர்களா என்று கேட்க மாட்டேன். மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்துகொண்டு வாசலில் இறங்குவீர்கள். குனிந்து பார்த்துக் கால் வையுங்கள். நீங்கள் விட்டுப்போன இடத்தில் இப்போது தரை இல்லை.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா