பிரேசில்காரர் தலைமுடி

அன்பு மகள் பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், காதுகளுக்கு மட்டும் உன் பார்சல் வந்த நாளிலிருந்து கொஞ்சம் சேதம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, நான் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் உடனே திரும்பி வந்துவிடுகிறது. உன் அண்ணன் புது வீட்டுக்குப் போய்விட்டான், உச்சி மாடி, லிஃப்ட் ஓடவில்லை, வாங்க வாங்க என்று அவன் தினமும் கூப்பிடுவது அந்தத் தைரியத்தில்தான் என்று நினைக்கிறேன். கடையில் சுவரோரத்து நாற்காலியின் சாய்வு பிடி விட்டுப்போய், முகம் மழிக்க உட்காருகிற ஆள் திடீரென்று மல்லாந்து கூரையைப் பார்க்கிறார். அதைப் பார்க்க வந்த தச்சர் தலையைச் சொறிந்துவிட்டு, முடி வெட்டிக்கொண்டு போய்விட்டார். இதெல்லாம் எப்போதும் உள்ள கதை, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தில், அந்தப் பெரிய ஓட்டலில் சாயங்காலம் உட்கார்ந்து மெல்லப் பாடுகிற வேலையை இந்த மாதக் கடைசியோடு விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் ஃபங்க் பாடுகிற கோஷ்டியில் சேரப் பார்க்கிறேன், ஓட்டலில் அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள், கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன், அப்பா வேண்டாமென்றால் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் நானும் முடித்திருப்பேன். நீயோ இரண்டு தினுசும் பாடிய ஒரே பிரேசில்காரரின் இசைத்தட்டுகளை அட்டைப்பெட்டி நிறைய அடைத்து அனுப்பி, "ரெண்டையும் கேளுங்கப்பா, கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க" என்று எனக்குப் பரீட்சை வைத்துவிட்டாய். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமே இந்த முயற்சியைக் கைவிட்டது உனக்குத் தெரியாதா?

சரி, மகள் கேட்டுவிட்டாளே என்று ரேடியோ ரிப்பேர்காரரிடம் போனேன். அவரிடம் தட்டு சுற்றுகிற பெட்டி ஒன்று தூசி படிந்து கிடந்தது. திருப்பிக் கொடுக்கும்வரை ஓசிச் சவரம் என்ற நிபந்தனையில் அதைக் கடையில் கொண்டுவந்து, பவுடர் டப்பாவை ஓரம் கட்டிவிட்டு வைத்தார். மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்துத்தானா தாடி இரண்டு மடங்கு வேகத்தில் வளர ஆரம்பிக்க வேண்டும், காலையும் வந்து உட்காருகிறார், மாலையும் வந்து உட்காருகிறார்.

முதலில் போசா நோவா, ஓட்டலில் நீ பாடுகிறாயே அந்த மெல்லிய தினுசு. உலகமே கொண்டாடுகிற சங்கீதம் என்று எழுதியிருந்தாய், உலகத்துக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. ராத்திரி தாமதமாக வந்த புருஷன், தெருவில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று கதவிடுக்கில் வாயை வைத்துப் பெண்டாட்டியிடம் கெஞ்சுகிற மாதிரி ஒரு குரல். கிதார் ஒரு பக்கம் போகிறது, அவர் ஒரு பக்கம் போகிறார், எங்கேயாவது இரண்டு பேரும் சந்திப்பார்கள் என்று கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன், பாட்டு முடிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் முகத்தில் நுரையோடு தூங்கியே போனார். எழுப்பினால், "இதுக்குச் சீட்டு இல்லாமலே கொடுக்கலாமா, இல்ல டாக்டரைக் கேக்கணுமா?" என்கிறார். ஒரு தட்டு முழுவதும் கேட்டேன், ஒரு தடவையாவது அந்த ஆள் வாயைத் திறப்பார் என்று. பல் வலி உள்ளவன்கூட இதைவிட வாயைத் திறப்பான். கடையில் அவருக்கு முணுமுணுப்பு என்று பெயர் வைத்துவிட்டோம்.

பிறகு ஃபங்க். அம்மாடி, அதை எந்தக் கணக்கில் பாட்டு என்று சொல்கிறாய்? ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, தூண்டிலில் மாட்டின மீன் மாதிரி உதறு உதறு என்று உதறுகிறார். அடியில் ஒரு கிதார் நெஞ்சில் குத்துகிறது, இரண்டு ஊதுகுழல்காரர்கள் ஏதோ தீ விபத்து நடந்தது போலக் கத்துகிறார்கள். எதிர்ப்பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரன் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான், "என்னண்ணே, எந்த மோட்டார் போச்சு?" என்று. பாட்டுடா என்றேன். அவன் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டான். இந்த வேளையில்தான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் கிருதாவை நான் சரிசெய்து கொண்டிருந்தேன். நான் இத்தனை காலமும் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரின் குரலுக்கு முடி வெட்டிப் பழகினவன், கை பாட்டுக்குப் போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. கத்தரிக்கோல் அந்தத் தாளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. நிறுத்திப் பார்த்தால் வலது கிருதா காதுக்கு மேலே ஏறி நிற்கிறது, இடது அப்படியே இருக்கிறது. வாத்தியார் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் போசா நோவா, அந்தப் பக்கம் ஃபங்க்கா?" என்றார். இரண்டையும் சமமாக மேலே ஏற்றி அனுப்பினேன். அவர் வீட்டில் இன்னும் என்னோடு பேச்சில்லை.

இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நம்புவதற்கே எனக்குச் சிரமமாக இருந்தது. அட்டைப் படங்களை வரிசையாகக் கண்ணாடி முன்னால் நிறுத்தி வைத்தேன். முணுமுணுப்புத் தட்டுகளில் ஆள் கோட்டுப் போட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், தலை ஒட்ட வெட்டி, வகிடு நேர்க்கோடு, நல்ல கை வெட்டியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபங்க் தட்டுகளில் தலை ஒரு புதர். சீப்பு உள்ளே போனால் ஆள் விட்டுத் தேட வேண்டும். சட்டைப் பொத்தான் தொப்புள் வரை திறந்து கிடக்கிறது. பார்த்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தத் தொழிலில் நான் பார்க்காத புதரா? வயசுப் பையன்கள் புதரோடு வருவார்கள், ஒரு நாள் வேலை உத்தரவு வந்துவிட்டது என்று ஓடி வருவார்கள், ஒட்ட வெட்டிவிடுவேன், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதே வெட்டுத்தான். அதனால் இந்தப் பிரேசில்காரரும் சின்ன வயசில் புதராக அலைந்து, கத்தித் தீர்த்து, புத்தி வந்து, முடியை வெட்டிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, அடக்கமாக முணுமுணுக்கக் கற்றுக்கொண்டார் என்று முடிவு கட்டினேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் ஆமாம் என்றார், ரேடியோ ரிப்பேர்காரர் வாய் திறக்கவில்லை, ஓசிச் சவரத்தில் இருப்பவர் எதை மறுத்துப் பேசுவார்?

அந்தச் சூட்டோடு உனக்கு முழு நீளத்தில் ஒரு கடிதமும் எழுதிவிட்டேன். நீ சாட்சிக்குக் கொண்டுவந்த ஆளே எனக்குச் சாட்சி சொல்கிறார், அவரே சத்தத்தை விட்டுவிட்டு ஸ்டூலுக்கு வந்து சேர்ந்தார், நீயோ ஸ்டூலில் உட்கார்ந்து கொண்டு சத்தத்துக்குப் போகப் பார்க்கிறாய், பேசாமல் கையெழுத்துப் போடு என்று, படித்தால் நீயே எழுந்து கை தட்டியிருப்பாய், அப்படி ஒரு கடிதம். ஒட்டி அனுப்பு என்று அம்மாவிடம் கொடுத்தேன். அவள் எதையாவது படிக்காமல் ஒட்டியிருக்கிறாளா? படித்தாள். அந்த அட்டைகளைக் கேட்டாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "முடியைப் பாத்தீங்க, சரி. மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். ஸ்டூலில் கோட்டோடு இருக்கிறவர் மீசை கூடச் சரியாக முளைக்காத பிள்ளை. புதருக்குக் கீழே இருக்கிறவருக்குக் கண்ணோரம் சுருக்கம், கழுத்தில் மடிப்பு, தாடியில் நரை. எனக்கு முடிதான் வேலை, மூஞ்சி அவரவர் பாடு என்று பழகிவிட்ட கண், என்ன செய்ய. மறுநாள் ரேடியோ ரிப்பேர்காரரைக் கேட்டால், "ஆமா, முதல்ல மெல்லப் பாடித்தான் பேர் வாங்கினாரு, அப்புறந்தான் இந்தப் பக்கம் வந்தாரு. பழைய ஆளுங்க எல்லாம் திட்டினாங்களாம். நீங்க கத்தியை வெச்சுக்கிட்டுப் பேசினீங்க, நான் என்னத்தச் சொல்ல?" என்கிறார். என் சாட்சி கூண்டைவிட்டு இறங்கி உன் பக்கம் போய் உட்கார்ந்து கொண்டார். கடையில் அத்தனை பேரிடமும் தண்டோரா போட்டிருந்தேனே, இப்போது நான் வாயைத் திறந்தாலே வெல்டிங் பட்டறைக்காரன் அங்கிருந்து, "மூஞ்சியப் பாத்துச் சொல்லுண்ணே" என்கிறான்.

அதோடு உன் அம்மா விட்டாளா? ஓட்டலிலிருந்து நீ அனுப்பியிருந்த படத்தை எடுத்துவந்து, ஸ்டூல் பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லித் தொலைத்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் நேராக உட்கார்ந்திருக்கிறீர்கள், இரண்டு பேர் உடுப்பிலும் ஒரு சுருக்கம் இல்லை. எப்படி வெட்டட்டும் என்று கேட்டால், "உங்க இஷ்டம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்கிற வாடிக்கைக்காரர்கள் சிலர் உண்டு. வெட்டி முடித்துக் கண்ணாடியைக் காட்டினாலும் தலையை ஆட்டுவார்களே தவிர, பார்க்க மாட்டார்கள். அந்த முகம். என் மகளுக்கு அந்த முகம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. அந்தப் படத்தைத்தானே நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதையும் வேண்டாம் என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். காரணம் தேடிப் பார்த்தேன், இருந்த ஒரு நல்ல காரணமும் கவிழ்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது, நீ வேனில் உட்கார்ந்தபடி தூங்குவாயே, கத்திக் கத்திக் குரல் போய்விடுமே, கோஷ்டி உடைந்தால் நடுத்தெருவில் நிற்பாயே என்பதுதான். அதையெல்லாம் காரணம் என்று எழுதிப் பார்த்தேன், படிக்கும்போது பயம் என்றுதான் தெரிகிறது. பயம் என்னுடையது, அதற்கு நீ ஏன் ஒரு வருஷம் ஸ்டூலில் உட்கார வேண்டும்? கையெழுத்துப் போடாதே. அந்தக் கோஷ்டியில் போய்ச் சேர்.

இதனால் அந்தப் பாட்டு தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போசா நோவா தூக்கம், ஃபங்க் தலைவலி, இதில் என் தீர்ப்பு மாறாது. உன் அம்மா அந்த ஃபங்க் தட்டையும் பெட்டியையும் ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போடுகிறாள் என்றால் அது அவள் காது, அவள் தலைவிதி.

நீ எந்த மேடையில் ஏறினாலும் நன்றாக இரு, நீண்ட காலம் இரு, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மறக்காதே, ஓட்டலில் போனில் சொல்லிவிட்டு நழுவாதே, மேனேஜரை நேரில் பார்த்துச் சொல், வேறு ஆள் கிடைக்கும்வரை பாடிக் கொடுத்துவிட்டு மரியாதையாக வெளியே வா. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று யாராவது கேட்டால் அப்பாவும் இந்தப் பாட்டுக்கு ரசிகர் என்று கதை கட்டாதே. எங்கப்பாவுக்கு இது காதிலேயே ஏறலை, ஆனா போயிட்டு வான்னு சொல்லிட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா