முன் இருக்கையில் பத்தொன்பது நாள்

பிப்ரவரி 9, ஞாயிறு. அயகூச்சோ

பதினோரு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பெட்டிகள் பதினெட்டு. இங்கிருந்து வில்காஸ்வாமன், அபன்காய், குஸ்கோ, மாச்சு பிச்சு, கடைசியில் புனோ. மொத்தம் பத்தொன்பது நாள். மழைக்காலத்தில் இந்தப் பாதைக்கு ஒப்புக்கொள்ளும் வழிகாட்டி எங்கள் ஆபீசில் நான் ஒருத்திதான். ஓட்டுநர் சதுர்னீனோ ஒருவர்தான். ஆகவே மறுபடியும் நாங்கள் இருவர்.

சதுர்னீனோ என் கொம்பாத்ரே, அதாவது என் மகன் யூரியின் ஞானத் தகப்பன்; பிள்ளையின் தாய் என்பதால் நான் அவருக்குக் கொமாத்ரே. ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் வரை நான் அவருக்கு "ஏ நில்தா". மறுநாளிலிருந்து "கொமாத்ரே, நீங்க". பதினான்கு வருடமாக ஒருவரை ஒருவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவும் கூடாது, அது அப்படித்தான்.

என் ஃபிளாஸ்கைத் தனக்குப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, "நீங்க முன்னாடியே உட்காருங்க கொமாத்ரே, பின்னாடி குலுக்கும்" என்றார். என்ன திடீர் கரிசனம்?

பிப்ரவரி 10, திங்கள். வில்காஸ்வாமன்

சூரியன் கோயில் சுவர்மேல் தேவாலயம் உட்கார்ந்திருப்பதைக் காட்டி, "கீழ் வீட்டுக்காரர் இன்னும் காலி பண்ணவில்லை" என்று என் வழக்கமான வேடிக்கையைச் சொன்னேன். வழக்கம்போல் சிரித்தார்கள்.

வரும் வழியில் கொம்பாத்ரே கேட்டார்: "முன்னால நிக்குறது கல்லா, மாடா?"

மூட்டை சுமந்த ஒரு பெண். "அந்தம்மா காதுல விழுந்தா உங்களைக் கல்லாலயே அடிக்கும்" என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இருபது மீட்டர்கூட இருக்காது. இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 12, புதன். அந்தவாய்லாஸ்

மதியம் கணவாயில் நிறுத்தினோம். கொம்பாத்ரே பையிலிருந்து மூன்று கோகா இலை பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மலைகளின் பெயர் சொல்லி ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார். நடு இலையில் ஓட்டை. அடி இலை பாதி கிழிந்தது.

என் கல்யாணத்தன்று, ஒரு பை இலையில் ஒன்பதுதான் தேறியது என்று கடைக்காரியோடு சண்டைக்குப் போன மனிதர் இவர். பழுதான இலையை மலைக்கும் கொடுக்க மாட்டார், மனுஷருக்கும் கொடுக்க மாட்டார். நான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அவர் அடுத்த இலையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. தடவினார்.

எத்தனை நாளாக இப்படி?

பிப்ரவரி 13, வியாழன். அபன்காய்

கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்து, மழையில் ஆரம்பித்து, மூடுபனிக்கு வந்து, "உங்களுக்கு ரோடு சரியாத் தெரியுதா?" என்று.

"கண்ணாடி அழுக்கு" என்றார். காலையிலிருந்து மூன்று தடவை துடைத்தாகிவிட்டது. பிறகு அவராகவே சொன்னார்:

"வலது கண்ணுல பால் ஊத்தின மாதிரி இருக்கு. இடது பரவாயில்ல. ரோடு எனக்கு மனப்பாடம் கொமாத்ரே. நீங்க பக்கத்துல இருந்து சொல்லிட்டே வாங்க, அது போதும்."

"டாக்டர்கிட்ட…"

"பெனிக்னோவ யாரு குருடாக்கினது? டாக்டர்தானே?"

பெனிக்னோ அவருடைய அண்ணன். ஊருக்கு வந்த யாரோ ஒருவனிடம் கண்புரை அறுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்குப் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. அதைக் கூடவே இருந்து பார்த்தவர் இவர்.

ஆபீசுக்குச் சொன்னால் நாளைக்கே வேறு ஓட்டுநர் வருவான். முப்பத்தோரு வருடம் ஓட்டிய மனிதர் தன் ஊரான சிகுவானியில் வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். என் அப்பாவின் சவப்பெட்டியை முன்பக்கம் தூக்கியவர் அவர். சொல்லாவிட்டால் பின்னால் பதினோரு பேர்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். இது தப்பு. யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும் எழுதி வைக்கிறேன்: இது தப்பு.

பிப்ரவரி 14, வெள்ளி. அபன்காய்

மலைமேல் காட்சிமேடை வரை போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் நான் வாய் மூடவில்லை, எல்லாம் பயணிகளுக்குப் புரியாத எங்கள் கெச்சுவா மொழியில். "இடது வளைவு. மாடு. இன்னும் இடது. லாரி, ஒதுங்குங்க. பள்ளம்."

பின் இருக்கையில் இல்சே. ஜெர்மனியில் தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, எல்லாரையும்விட வேகமாக நடக்கிறார். நாங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டே வருகிறோம் என்று கேட்டார்.

"மலைகளுக்கு வணக்கம் சொல்றோம்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் உருகிப்போய் போனில் பதிவு செய்துகொண்டார். "மாடு, பள்ளம், லாரி" என்று என் குரல் ஜெர்மனிக்குப் போகப் போகிறது.

பிப்ரவரி 15, சனி. குஸ்கோ

அறைக்கு வந்ததும் முதலில் இதை எழுதுகிறேன்.

சைவீத்தேயில் பழைய சிற்பக் கல்லைப் பார்த்துவிட்டு அபுரீமாக் ஆற்றுக்கு இறங்குகிற பாதை. மூடுபனி. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இல்சே என் தோளைத் தொட்டு ஆற்றின் பெயர் என்ன என்று கேட்டார். திரும்பினேன். ஒரு பெயர் சொல்கிற நேரம், அவ்வளவுதான். முன்னால் பார்த்தால் பாதி ரோட்டில் மலை சரிந்து கிடக்கிறது, இவர் நேராகப் போய்க்கொண்டிருக்கிறார்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ஒடித்தார். இடது முன்சக்கரம் ரோட்டுக்கு வெளியே ஒரு சாண். கீழே ஆறு.

பின்னால் கைதட்டினார்கள்! என்ன அருமையான ஓட்டுநர் என்று கைதட்டினார்கள். அய்யோ, நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்? இவங்க வீட்டுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்லுவேன்? யூரிக்கு என்ன சொல்லுவேன்?

இறங்கி நின்றோம். "இனிமே முடியாது கொம்பாத்ரே" என்றேன். அவர் டயரைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: "என்னை நம்பலையா கொமாத்ரே?"

இந்தக் கேள்விக்கு ஒரு கொமாத்ரே "ஆமாம், நம்பவில்லை" என்று சொல்ல முடியாது. மறுபடியும் ஏறி உட்கார்ந்து வளைவு சொல்ல ஆரம்பித்தேன். குஸ்கோ வரை மாட்டு வண்டி வேகத்தில் வந்தோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

குஸ்கோவைக் காட்டினேன். எல்லாம் நடந்தே.

பிப்ரவரி 17, திங்கள். ஒய்யன்தாய்தம்போ

காலையில் சொல்லிவிடலாம் என்று ஆபீஸ் வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன். போகிற வழியில் சந்தையில் என் சித்தி மகள் ஹுஸ்தா கால்சட்டைக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை கொம்பாத்ரேக்கள் நாள். சந்தைக்காரிகள் ஆளுக்கொரு கொம்பாத்ரே பொம்மை செய்து, அவன் குறையெல்லாம் அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டி, தெருவுக்குக் குறுக்கே தொங்கவிடுவார்கள்.

"பாரு, என்னோட ஆளு. தொப்பை மட்டும் ரெண்டு மூட்டை வாங்குது" என்றாள். "உன்னோடது எங்க? வருஷா வருஷம் ரோட்டுல இருக்கேன்னு தப்பிச்சுக்குற."

அன்று ஒரு நாள் மட்டும் எதையும் எழுதலாம். அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் ஊரே சிரிக்கும்.

மதியம் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டோம், நல்ல வெயில், அதே மாட்டு வண்டி வேகம். ஹுஸ்தா சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

ரயில். முன் இருக்கை இல்லை, வளைவு இல்லை. ஏறியதும் தூங்கினேன். மாச்சு பிச்சுவில் மழை, முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மூடுபனி விலகுமா என்று பதினோரு பேரும் என்னைக் கேட்டார்கள். ஒரு கண்ணில் இது, இன்னொரு கண்ணில் இதில் பாதி: அப்படித்தான் அவருக்கு இருக்கும் என்று தோன்றியது.

பிப்ரவரி 20, வியாழன். உருபம்பா

செய்துவிட்டேன்.

விடுதிச் சமையல்காரப் பெண்கள் வைக்கோல் கொடுத்தார்கள். கொம்பாத்ரேயின் பழைய மேல்சட்டை வண்டியிலிருந்து. பயணிகள் எல்லாரும் உற்சாகமாகத் திணித்தார்கள். இல்சே தன் குளிர்க்கண்ணாடியைக் கொடுத்தார். முற்றத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அட்டையை மட்டும் நான் தனியாக எழுதினேன். உள்ளங்கை அளவு எழுத்து.

கொம்பாத்ரே சோப்பு வாசனையோடு வந்தார். பெண்கள் பாய்ந்து முகத்தில் மாவு பூசி, கழுத்தில் காகிதச் சுருள் மாட்டினார்கள். ஸ்ட்ராபெரி கலந்த சீச்சா, எங்கள் சோளக் கள், ஒரு பெரிய குவளை கொடுத்தார்கள். பொம்மையைப் பார்த்து, "நான் இவ்வளவு ஒல்லியா?" என்று சிரித்தார். பொம்மைக்கு மூன்றே அடி தள்ளி நின்றார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"என்ன எழுதியிருக்கு? படிங்க கொமாத்ரே."

முற்றத்தில் மற்ற வண்டிகளின் ஓட்டுநர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அங்கிருந்தே படிக்க முடிந்தது, ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதையாவது மாற்றிச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தொப்பை, குறட்டை, எதையாவது.

எழுதியதையே படித்தேன். "சதுர்னீனோவின் கண்கள் ஒரு வாரமாக என்னிடம் இருக்கின்றன. எனக்குக் கனக்கிறது. தயவுசெய்து வந்து வாங்கிக்கொள்ளவும். அன்புள்ள கொமாத்ரே."

பெரிய சிரிப்பு. எல்லாரையும்விட அவர்தான் சத்தமாகச் சிரித்தார். பிறகு ஓட்டுநர்களில் மூத்தவன் சிரிப்பை நிறுத்தினான். அடுத்தவனும் நிறுத்தினான். கொம்பாத்ரேயின் மாவு முகத்தில் இரண்டு கோடு இறங்கியது.

சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். தடவிப் பார்த்துப் பொம்மையின் பையில் போட்டார். "அப்ப இவனே ஓட்டட்டும். இவனுக்குக் கண்ணாடியாவது இருக்கு" என்றார். என் தலையில் ஒரு கை மாவைக் கொட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

இன்று கோபிக்கக் கூடாது. நாளை வெள்ளிக்கிழமை.

பிப்ரவரி 21, வெள்ளி

காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஆபீசுக்கு அவரே போன் போட்டுக் கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் சிகுவானிக்குப் போய்விட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சாவி இன்னும் பொம்மையின் பையில்.

பிப்ரவரி 23, ஞாயிறு. பீசாக்

புது ஓட்டுநர் நன்றாக ஓட்டுகிறான். பாட்டு போடுகிறான். நான் நடு இருக்கையில். மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. நான் செய்தது சரிதான். சரிதான் என்பதால் வலிக்காமல் இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

எடுக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன். புனோ

கடைசி நாள். ரக்சி கோயிலைப் பார்த்துவிட்டுச் சிகுவானியை நெருங்கினோம். வீதிகளில் எங்கு பார்த்தாலும் பாவாடை கட்டிய பொம்மைகள். இன்று ஆண்களின் முறை, கொமாத்ரேக்கள் நாள். நான் குனிந்து யாருடைய பயணப் படிவத்தையோ நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இல்சேதான் கத்தினார்: "நில்தா, அது நீ!"

ஊருக்குள் நுழைகிற இடத்தில் விளக்குக் கம்பத்தில் ஒரு பொம்மை. என் ஆபீசின் பச்சைத் தொப்பி மாதிரி ஒன்று தலையில். முகத்தில் பாதி வாய், சிவப்புத் துணியில் தைத்தது. கழுத்தில் அட்டை. அட்டைக்கு அடியில் பெனிக்னோவின் கையைப் பிடித்தபடி என் கொம்பாத்ரே, இன்னொரு கையில் மாவுப் பை.

வண்டி முழுதாக நிற்பதற்குள் இறங்கிவிட்டேன். எழுத்து கோணல்மாணல், வரி மலை ஏறி இறங்கியது. "நில்தாவின் வாய் ஒரு வாரமாக என் காதுக்குள் இருக்கிறது. தூங்க விடவில்லை. தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளவும்."

"என் மகளை எழுதச் சொன்னேன், மாட்டேன்னுட்டா. நானே தடவித் தடவி எழுதினேன்" என்றார். பிறகு என் முகத்தில் மாவைப் பூசினார். நன்றாக, காதுவரை, மிச்சம் வைக்காமல்.

நான் அழுதேன். நடுரோட்டில், மாவோடு. பதினோரு பேரும் படம் எடுத்தார்கள்.

"மார்ச் பதினெட்டு, அரெகிப்பால" என்றார். "பெரிய ஆஸ்பத்திரி. நீங்களும் வரணும். கத்தியப் பார்த்தா நான் ஓடிருவேன். நீங்க கதவுல நிக்கணும்."

"கட்டிப்போட்டே நிப்பேன்."

"இவன் வீட்டுல ராத்திரி பகலா ஒரே புலம்பல்" என்றார் பெனிக்னோ, தன் இருட்டிலிருந்து. "கூட்டிட்டுப் போய்த் தொலைங்க தாயி."

மார்ச் 18, செவ்வாய். அரெகிப்பா

கதவில் நின்றேன். அவர் ஓடவில்லை. ஒரு தடவை எழுந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு. புனோ

வெயில் காலம். பன்னிரண்டு பேர், பெட்டிகள் இருபது. உரிமத்துக்கான கண் பரிசோதனையில் ஜூலையிலேயே தேறிவிட்டார் என்றாலும், கொம்பாத்ரேயோடு நீண்ட பயணம் இதுதான் முதல். இல்சேயிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது: தினமும் காலையில் எங்கள் மலை வணக்கத்தைப் போட்டுக் கேட்கிறாராம், மனம் அமைதியாகிறதாம். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லா ராயா கணவாயில் நிறுத்தினோம். மூன்று இலை பொறுக்கி, ஊதிக் கொடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஊசி முனை அளவுகூட ஓட்டை இல்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

வண்டி கிளம்பியது. நான் முன் இருக்கையில். பழக்க தோஷம், வாய் தானாகத் திறந்தது: "இடது வளைவு. லாமா கூட்டம்…"

"எட்டு லாமா" என்றார். "ஒன்னு கறுப்பு. மேய்க்கிற பொண்ணு காதுல சிவப்புக் கம்மல். தூங்குங்க கொமாத்ரே."

புனோவில்தான் எழுப்பினார். வழிகாட்டி மூன்று மணி நேரம் குறட்டை விட்டார் என்று இரண்டு பேர் புகார் எழுதியிருக்கிறார்கள்.