இருபத்தேழு கைகள்

இன்று காலை பதிவேட்டைத் திறந்ததும் வினாகிரியின் புளித்த மணம் முகத்தில் அடித்தது. பழைய பிலிம் கெடத் தொடங்கினால் வரும் மணம். மூடி வைத்தபிறகும் விரல்களில் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை. இறந்தவருக்கு மடல் எழுதுவது சரியா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். என்னைப் பொறுத்தவரை அது குறைந்த நேரம் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த ஏட்டில் ஒட்டியிருப்பதெல்லாம் உங்கள் இடது கையின் படங்கள். சைக்கிளால் விழுந்து வளைந்துபோன சின்னவிரலோடு கமராவுக்குப் பின்னால் அந்தக் கையை உயர்த்தி, "இஞ்ச பாருங்க, என்ட கையைப் பாருங்க" என்பீர்கள். கலியாணப் படமோ, அடையாள அட்டைப் படமோ, நம் ஊரில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கையைத்தான்.

வாவிக்கரைக்கும் வயல் வட்டைக்கும் படமெடுக்கப் போகும்போது உங்களுக்கு இன்னொரு பழக்கம். புதுச் சுருள் போட்டதும் உள்ளங்கையில் பேனையால் இடத்தையும் திகதியையும் எழுதி, முதல் படமாக அந்தக் கையையே எடுப்பீர்கள். "கொப்பி தொலைஞ்சிரும் தம்பி. கை தொலையுமா?" என்று கேட்டீர்கள்.

நான் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவன். ஒழுங்கில்லாத எதையும் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஞாயிறு பூசை முடிந்து உங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து, நெகட்டிவ்களை ஆறு ஆறாக வெட்டி, உறையிலிட்டு இலக்கமிட்டேன். ஒவ்வொரு சுருளின் முதல் படத்தையும் தனியே வெட்டியெடுத்து என் பதிவேட்டில் ஒட்டினேன். எந்தச் சுருள் எங்கே எடுத்தது என்று உடனே தெரியுமல்லவா? வந்தவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வீர்கள்: "இந்தா இருக்கிறான், பசுவைப்போல. அம்பது தரம் என்ட கையை வெட்டினவன்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

பாரிசவாதம் வந்து உங்கள் இடப்பக்கம் விழுந்த மாதத்தில் வீடியோக்காரன் வந்தான். அவன் பெயரை நான் எழுதமாட்டேன்; உங்கள் பெயரை அவன் எழுதவில்லை. ஒரு காலத்தில் உங்கள் கமராவை இரவல் வாங்கித் தொழில் தொடங்கியவன். "அக்கா, நெகட்டிவ் எல்லாம் இஞ்ச வச்சாப் பூஞ்சணம் பிடிச்சிரும். என்ட ஏசி அறையில கவனமா வைக்கிறன்" என்று உங்கள் மனைவியிடம் சொன்னான். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்துப் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் கண்காட்சி வைத்தான். துண்டுப்பிரசுரத்தில் உங்கள் தோணிகள், உங்கள் பாலம், உங்கள் மழை. கீழே அவன் பெயர். மச்சாள் தடுத்தும், உங்களிடம் மறைக்கத் தெரியாமல் காட்டினேன். வலக்கையால் இடக்கையைப் பிடித்து மேலே தூக்கினீர்கள். பதினொரு நாளில் போய்விட்டீர்கள். வைத்தியர் வேறு காரணம் எழுதினார். அந்தக் களவுதான் என்று நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். ஆனாலும் மாற்றி நினைக்கப் போவதில்லை.

நீங்கள் போய் ஆறு மாதத்தில், அதே படங்களை நகர மண்டபத்திலேயே வைக்கப்போவதாக அறிவித்தான். நான்கு தரம் அவன் கடை வாசல்வரை போய்த் திரும்பி, ஐந்தாம் தரம் உள்ளே போனேன். அவன் சிரித்தான். "இதுகளில எங்க சேர் அவர்ர பேர் இருக்கு? காட்டுங்க பாப்பம்."

இருந்தது. உங்கள் பெயர் என்றால் அந்தக் கைதான். அதை நான்தான் வெட்டி எடுத்திருந்தேன்.

காட்டுங்க என்றானே, காட்டினால் என்ன என்று வீடு வந்துசேரும்போதுதான் தோன்றியது. நம் ஊரில் படம் கழுவக் கொடுத்தால் அவன் காதுக்குப் போகும். பதிவேட்டை ஏறாவூர் ஸ்டூடியோ ஒன்றுக்குக் கொண்டுபோனேன். முதலாளி ஒரு கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யா அல்லாஹ், இந்தக் கையப் பாத்துத்தானே வாப்பாட மடியில இருந்து அழுதன்!" என்றார். துண்டுப்பிரசுரத்தின்படி அவன் வைக்கும் படங்கள் இருபத்தேழு, எல்லாம் வேறு வேறு சுருள். இருபத்தேழு கைகளையும் அதே அளவுக்குப் பெருப்பித்துத் தந்தார்.

கண்காட்சியன்று காலை எட்டு மணிக்கே மண்டபத்துக்குப் போனேன். "என்ன ஐயா இது?" என்று காவலாளி கேட்டார். "எங்க, எப்ப எடுத்ததெண்டு குறிப்பு" என்றேன். அது பொய்யில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதற்குரிய கையைக் கோணாமல் ஒட்டினேன். உள்ளங்கைகளில் உங்கள் எழுத்து: களுதாவளை, கல்லடி, வாகரை. அந்தத் திகதிகளில் வீடியோக்காரன் அரைக்காற்சட்டையோடு திரிந்தவன்.

முதலில் கண்டது மீன் விற்கும் ஒரு மனிசி. "இது நம்மட படக்காரர்ர கையெல்லோ! இந்தா, கோணல் விரல்!" சனம் கூடிவிட்டது. பிரதம விருந்தினரோடு உள்ளே வந்த வீடியோக்காரன் ஓடிப்போய் ஒரு கையைப் பிய்க்கப் பார்த்தான். "கழட்டாத மகனெ. அது அவர்ர கை. உன்ட படமெண்டா உன்ட கையை ஒட்டு" என்றார் மனிசி. பிரதம விருந்தினர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பெட்டிகள் மறுநாளே மச்சாளிடம் வந்துசேர்ந்தன. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில் அவன் கமராவைத் தூக்கினான். முன்வரிசையில் இருந்த நான், கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசியறியாத நான், இடது கையை உயர்த்திச் சின்னவிரலை வளைத்தேன். பக்கத்தில் இருந்தவர் தானும் உயர்த்தினார். பிறகு வரிசை முழுவதும். மணமகளே சிரித்துவிட்டாள். இப்போது பஸ்ஸில், சந்தையில், கோவில் வாசலில், அவனைக் கண்டால் யாராவது கையைத் தூக்குகிறார்கள். கலியாணங்களுக்கு ஏறாவூர்க்காரரைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தேன், நான் இப்படிப்பட்டவனா என்று. மூன்றாம் நாள் நன்றாகச் சாப்பிட்டேன்.

நேற்று மாலை வீடியோக்காரன் என் படலையில் வந்து நின்றான். நான் உள்ளே கூப்பிடவில்லை.

"பிழைதான் சேர். என்ட மகளும் கேக்கிறாள், ஏன் அப்பா உங்களுக்குக் கையைக் காட்டுறாங்க எண்டு. மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. நீங்க சொன்னாச் சனம் விட்டிரும்."

"மன்னிக்கிறது அவர். அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

"எப்படி சேர் கேப்பீங்க?"

"எழுதிக் கேக்கிறன்" என்று படலையைச் சாத்தினேன்.

எழுதிவிட்டேன். பதிவேடு என் தலைமாட்டில்தான் இருக்கிறது. விரல்களில் அந்த மணம் இன்னும் போகவில்லை. கேட்டால் "விடு தம்பி, பாவம்" என்பீர்கள். கமராவை இரவல் கொடுத்த மனம் அது. அதனால் மற்ற எல்லாவற்றையும் எழுதி, அதை மட்டும் கேட்காமல் விடுகிறேன். அவன் மறுபடி வந்தால், பதில் இன்னும் வரவில்லை என்று சொல்வேன்.