நான் திருடாத கோழி

பாய்,

மகன் வாங்கி வந்த புது வேட்டியை இன்று பிரித்தேன். கஞ்சி வாசனை எழுந்ததும் பாப்பாரப்பட்டியில் இருந்த உங்கள் துணிக்கடை நினைவுக்கு வந்தது. கூடவே என் கோபமும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. நீங்கள் போய்ச் சேர்ந்தும் ஆறு மாதம். இருந்தாலும் சொல்கிறேன், அந்தக் கோழியை நான் திருடவில்லை.

அறுபதுகளின் கடைசி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து கடைக் கதவைப் பாதி சாத்துவீர்கள். கம்பவுண்டர், தபால்காரர், நான் என ஏழெட்டுப் பேர் துணி மூட்டைகள் மேல் உட்காருவோம். பெங்களூர் கண்டோன்மென்டில் வெள்ளைக்காரர்களுக்குத் துணி விற்றுப் பழகிய இங்கிலீஷை எங்களுக்கு நாடகமாகவே சொல்லிக்கொடுத்தீர்கள். ஒரு வாரம் கடை பஸ் ஆகும், மறுவாரம் ஆஸ்பத்திரி. "புத்தகத்தை எடுத்தா வெளிய போயிடணும்" என்பது உங்கள் சட்டம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. யார் தயவும் இல்லாமல் இங்கிலீஷ் அகராதியில் பாதியை மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் வாய் திறக்காது. இரண்டு நேர்காணலில் ஊமையாய் நின்று வேலையை இழந்திருந்தேன். மூன்றாவது, சேலத்தில், வரும் திங்கட்கிழமை. அதுவும் போனால் வேலைக்கான வயதே தாண்டிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை கடையைக் கோர்ட்டாக்கினீர்கள். கம்பவுண்டர்தான் ஜட்ஜ். நீங்கள் எழுந்து, நான் உங்கள் கோழியைத் திருடித் தின்றதாக இங்கிலீஷில் வழக்குச் சொன்னீர்கள்.

"பாய், வெளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க. எங்க வூட்டுல கோழியே தொடமாட்டோம்!"

"தமிழ் இந்தக் கோர்ட்டுல செல்லாதுங்க" என்றார் கம்பவுண்டர்.

தபால்காரர் சாட்சிக்கு எழுந்தார். "ஐ சா, சார். டூ லெக் பீஸ்!"

கடையே சிரித்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஃபால்ஸ்! ஐ அப்ஜெக்ட்!" என்று எழுந்தவன் அரை மணி நேரம் உட்காரவில்லை. அகராதியில் படித்த அத்தனை வார்த்தையும் சண்டைக்கு வந்தது. நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். "இவருக்குப் பாடம் வேணாங்க, ஒரு அநியாயம் போதும்" என்றீர்கள்.

சேலத்தில் அதிகாரி என் விண்ணப்பத்தைப் புரட்டி, இதை யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டார். போதாதா எனக்கு? "ஐ அப்ஜெக்ட், சார்" என்று ஆரம்பித்தேன். வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அங்கே ஒருவரையும் நிம்மதியாக விடவில்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் முன்னால் எல்லோரும், ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர் என்றார்கள். கம்பவுண்டர், தபால்காரர் என அந்தக் கோர்ட்டில் இருந்த எல்லோரும் உங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். மறுத்துப் பேச நான் ஒருவன்தான் பாக்கி. கோழி வழக்கு நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். எனக்காகச் சொன்ன பொய் அது, பாய். யாருக்கும் தரமாட்டேன்.