தட்டிப் பார்க்காத கரி

நைனா,

இன்று காலை இஸ்திரிப் பெட்டியில் போட்டது சரியாக வேகாத கரி. பெட்டியின் ஓட்டைகள் வழியாகப் புகை கிளம்பி என் வெள்ளைப் புடவையில் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க அந்தக் கசப்பு வாசனையோடுதான் பாடம் நடத்தினேன். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். எனக்கு, நீ பட்லராகச் சமைத்துப்போட்ட வெள்ளைக்காரத் துரையின் ஆழ்வார்பேட்டை பங்களாவின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

அங்கே முந்திரி மரத்தடியில் நீ வைத்திருந்த பீப்பாய் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அடிப்பக்கம் வெட்டிய பழைய எண்ணெய்ப் பீப்பாய். உப்பும் வெல்லமும் தடவிய வஞ்சிர மீனைக் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டு, பீப்பாயின் வாயை ஈரச் சாக்கால் மூடுவாய். கீழே கரி நெருப்பு. அதன்மேல் கைப்பிடி கைப்பிடியாகத் தவிடும் வெல்லத்தூளும் தூவுவாய். அந்த மீனுக்காகவே துரை வெள்ளிக்கிழமைகளில் விருந்தாளிகளைக் கூப்பிடுவார். நாம் குடியிருந்த அவுட்ஹவுஸ் வரைக்கும் அந்த வாசனை வரும்.

உலகச் சண்டைக் காலத்தில் பஸ்கள்கூடக் கரியில் ஓடின. நல்ல கரி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. அப்போதும் நீ கால்வாய்க்கரை விறகுத் தொட்டிக் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு இரண்டு துண்டாக எடுத்துத் தட்டிக் காதில் கேட்டுத்தான் வாங்குவாய். நன்றாக வெந்த கரி கண்ணாடி வளையல் மாதிரி கிண்ணென்று பேசும். வேகாதது பொத்தென்று விழும். "பட்லரே, கரி வாங்கறியா, வீணை வாங்கறியா?" என்று தொட்டிக்காரர் கேலி செய்வார். "வீணையில மீனுக்குப் பொகை போட முடியாதே மொதலாளி" என்பாய். எனக்கு நீ சொன்னது வேறு. "கரிக்குச் சொந்தமா வாசனை இருக்கக் கூடாது கண்ணு. வாசனை நாம குடுக்கறது."

சின்னவளாக இருந்தபோது உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். காலேஜுக்குப் போன பிறகு கொஞ்சம் தள்ளி நின்றேன். அங்கே 'நைனா' என்ற சொல்லையே நான் சொன்னதில்லை. அப்பா ஆபீஸில் இருக்கிறார் என்று ஒரு தடவை சொல்லிவைத்தேன். அதிகம் பேசாத பெண் என்பதால் யாரும் மேலே கேட்கவில்லை.

துரை ஊரைவிட்டுக் கிளம்பும் சமயம் அது. பங்களாவுக்குக் குடிவர இருந்த டில்லி அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட வருவதாக ஏற்பாடு. உன் சமையல் பிடித்தால் உன்னையும் வைத்துக்கொள்வதாகத் துரையிடம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் வேலையும் போகும், வீடும் போகும். நீ காலையிலிருந்து மீனைவிட்டு நகரவில்லை. "நீயே பாத்து வாங்கியாந்துடு கண்ணு, ஒனக்குத்தான் தெரியுமே" என்று சாக்கை என்னிடம் கொடுத்தாய்.

தொட்டியில் நான் குனிந்து முதல் துண்டை எடுத்தபோது, என்னோடு படித்த கமலா தெருவில் போனவள் நின்றுவிட்டாள். "ஏய், நீ இங்க என்னடி பண்ணிண்டிருக்கே?"

துண்டைக் கீழே போட்டேன். "ஒண்ணுமில்ல. சும்மா, வீட்டுக்குக் கொஞ்சம் கரி." தொட்டிக்காரரிடம், "நீங்களே அள்ளிப் போடுங்க" என்றேன்.

அவர் விடவில்லை. "இன்னாம்மா, தட்டிப் பாக்கலியா? பட்லர் தட்டாம எடுக்கவே மாட்டாரே."

"யாருடி பட்லர்?" என்றாள் கமலா.

"எங்க வீட்டுல வேலை செய்யறவர்" என்றேன்.

கமலா அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். மழையில் நனைந்து கிடந்த குவியலின் ஓரத்திலிருந்து தொட்டிக்காரர் அள்ளிப் போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாக்கு வந்ததும் நீ இரண்டு துண்டை எடுத்துத் தட்டினாய். பொத்தென்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "தட்டிப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேன் நைனா."

மூன்றாவது துண்டை நீ எடுக்கவேயில்லை. "அப்ப சரி" என்று நெருப்பு மூட்டினாய். இத்தனை வருஷம் கரியோடு பழகிய உன் காதுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? உன் காதைவிட என் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொண்டாயா, இல்லை, மகளைப் பொய்க்காரியாக்க மனசு வரவில்லையா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதல் வாயிலேயே அந்த அதிகாரி தட்டைத் தள்ளிவைத்தார். கசப்பு என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது, கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. துரை உன்னைத் திரும்பிப் பார்த்தார். "மை மிஸ்டேக், மாஸ்டர்" என்றாய். உனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் அதையா சொல்ல வேண்டும்?

அதிகாரி தன் சமையல்காரரையே கூட்டிவந்தார். நாம் சாந்தோமில் ஒற்றை அறைக்கு வந்தோம். கடைசிவரை நீ ஒரு ஹாஸ்டலில் அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்தாய். மீனைப் புகையில் தொங்கவிடவே இல்லை. பீப்பாய் அந்த முந்திரி மரத்தடியிலேயே நின்றுவிட்டது. நான் பி.ஏ. தேறிய அன்று தெரு முழுக்க நீ கற்கண்டு கொடுத்தாய். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரிகாரமாக ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். அதே அறையில் படுத்திருந்த உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக விறகுத் தொட்டிக்குப் போனேன். கூடவே கணக்கு டீச்சரும் வந்தாள். கொசுவத்தை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தேன். தொட்டிக்காரருக்குப் பார்வை மங்கிவிட்டது. சத்தத்தைக் கேட்டுத்தான் கிட்டே வந்தார். "யாரு, பட்லர் பொண்ணா? இப்பத்தான் தட்டணும்னு தோணிச்சா?"

"யாரு பட்லர்?" என்றாள் கணக்கு டீச்சர்.

"எங்க நைனா. துரை வீட்டுல சமையல்காரரா இருந்தார்."

"அப்படியா? அப்ப எனக்கும் நாலு நல்ல கரியாப் பொறுக்கிக் குடேன். எங்காத்துக் குமுட்டி ஒரே புகை" என்றாள். அவ்வளவுதான். அதற்குத்தானா அத்தனை பயந்தேன்?

தட்டிப் பார்த்தாயா என்று கேட்டாயே, அன்றைக்குப் பார்க்கவில்லை, நைனா. இன்றைக்குப் பார்த்தேன். வந்ததும் கை கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தாளின் ஓரமெல்லாம் கரி.