வடசேரிக்குப் போன கடல்

வடசேரி
12.1.2010

பிந்துவுக்கு,

உன்னோடு பேசமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை. முன்னறையில் உன் புத்தக அலமாரி இருந்த இடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். நன்னீர் மீன் வளர்க்க அல்ல. கடல் தொட்டி. அடியில் மணல், மேலே பாறை, பிறகு மென்பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன். இதுதான் திட்டம். கடைக்காரன் எல்லாம் தருவதாகச் சொன்னான். தண்ணீரை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கடலை வைத்துக்கொண்டு கடையில் கேட்பானேன்.

ஸ்கூட்டரில் மணக்குடிக்குப் போய்க் கரையோரம் நின்று இரண்டு கேன் பிடித்து வந்தேன். பல நடை. தொட்டி நிறைந்த அன்றே மீன் விட்டேன். மறுநாள் காலையில் மிதந்தன.

நீ விலங்கியல் படித்தவள். எங்கே தவறு என்று எழுது. உங்கள் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், நல்ல தண்ணீர் கிடைக்குமா என்றும் விசாரித்துச் சொல்.

தாணுலிங்கம்


ராஜாக்கமங்கலம் துறை
18.1.2010

அன்புள்ள அப்பா,

உறையின் மேல் உங்கள் கையெழுத்து. உடனே பிரிக்கவில்லை. அரிசிப் பானைமேல் வைத்துவிட்டுச் சோறு வடித்தேன். பிறகு பிரித்தேன்.

மணக்குடியில்தான் பழையாறு கடலில் சேருகிறது. நீங்கள் பிடித்ததில் பாதி ஆறு. அதைக் கொட்டிவிடுங்கள். இன்னொன்று, புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. கல்லும் மணலும் தண்ணீரும் மட்டும். பம்பை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு மாதம், அதற்கு மேலும். கண்ணாடியில் பழுப்பு படரும். நாற்றம் வரும். அப்போது யாராவது தூக்கி எறியச் சொல்வார்கள். எறியாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் முதலில் குடியேற வேண்டும். மீனின் கழிவை அவைதான் தின்னும். அவை இல்லாமல் அது கடல் இல்லை, உப்புத் தண்ணீர்.

கடலுக்குப் போகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரைக் கட்டிக்கொண்டு இந்தத் துறைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கேட்டேன். மரியான் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உனக்க அப்பாவுக்குக் கடலு வேணும். கடப்புறத்துக்காரன் வேண்டாம். இல்லியா?"

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அலை உடையும் இடத்தைத் தாண்டி, தண்ணீர் தெளிந்த பிறகு பிடித்து வருவார். இங்கிருந்து மீன் ஏற்றும் ஜெபசீலனின் வண்டி காலையில் வடசேரி சந்தைக்கு வரும். அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அன்று இங்கே ஒரு வள்ளமும் இறங்காது.

மரியானின் அம்மா பேபிக்கு விஷயம் புரியவே இல்லை. "கடலப் போயி வீட்டுக்குள்ள கொண்டு வைக்கணுமாக்கும். எங்க வீட்டுக்குள்ள வந்தது போராதா?" சுனாமியில் வீடு போய் இந்தக் குடியிருப்புக்கு வந்தவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

மகள் அபினாவுக்குப் பத்து மாதம். நீங்கள் கேட்கவில்லை.

உங்கள்
பிந்து


வடசேரி
9.3.2010

பிந்துவுக்கு,

தண்ணீர் வந்து சேர்ந்தது. ஜெபசீலன் சந்தையில் கேன்களை இறக்கும்போது காய்கறிக்காரி ஒருத்தி, "ஏலே, மீனு விக்க வந்தியா, கடல விக்க வந்தியா?" என்றாள். "மீனு தீந்து போச்சு மக்கா, இனி இதுதான் உண்டு" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். நான் தேங்காய் விலை கேட்பதுபோல் தள்ளி நின்றேன். கூட்டம் விலகியதும் தூக்கி வந்தேன்.

நீ சொன்னபடி பழுப்பு படர்ந்தது. நாற்றமும் வந்தது. உன் அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, "பொண்ணு காலேஜில படிக்கும்போ வந்த அதே நாத்தம்" என்றாள். நீ ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்த துறவி நண்டு செத்தது ஞாபகம் இருக்கிறதா? நாற்றம் எங்கிருந்து என்று தெரியாமல் அரிசி டின்னையெல்லாம் வெயிலில் வைத்தாள். எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லவில்லை. நீ திட்டு வாங்குவாய் என்று.

இப்போது பழுப்பு போய்ப் பச்சை வந்திருக்கிறது. கல்லில் ஒரு துளையிலிருந்து சின்ன விசிறி ஒன்று வெளியே விரிகிறது. என் நிழல் விழுந்தால் சட்டென்று உள்ளே போய்விடுகிறது. கல்லை வாங்கும்போது அது இல்லை. அது என்ன?

இன்னும் நாலு கேன் வேண்டும். பிடித்து வருகிறவரிடம் சொல்.

அப்பா


ராஜாக்கமங்கலம் துறை
15.3.2010

அன்புள்ள அப்பா,

அது குழாய்ப்புழு. கல்லுக்குள் சுருண்டு இருந்திருக்கும். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இனி மீன் விடலாம்.

அதே விசிறியைக் காட்டத்தான் அந்தக் காலத்தில் முட்டம் கடற்கரையில் உங்களைக் கூப்பிட்டேன். பாறைக் குட்டை. அலை வந்து போன பிறகு நிற்கும் தண்ணீர். "அப்பா, இங்க வாங்க" என்றேன். "நீ பாரு மக்கா" என்றீர்கள். மேலே ஒரு பாறையில் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, பேப்பரோடு. காற்று. பேப்பர் விரியவே இல்லை. ஒவ்வொரு மாதமும் கூட்டிப் போனீர்கள். ஒரு தடவைகூடக் கீழே இறங்கி வரவில்லை.

வெயில் ஏறுகிறது. தொட்டிக்கு மேலே சின்ன மின்விசிறி வையுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று. பவளத்தைக் கடைக்காரர் தொட்டியில் வளர்த்ததாக மட்டும் வாங்குங்கள். கடலில் இருப்பதை எடுக்கச் சட்டம் விடாது. மரியானும் விடமாட்டார்.

நாலு கேன் அனுப்பியிருக்கிறேன். அபினா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

உங்கள்
பிந்து


வடசேரி
2.5.2010

அன்பு மகள் பிந்துவுக்கு,

கோமாளி மீன் ஜோடி வந்துவிட்டது. பொத்தான் பொத்தானாக ஒரு மென்பவளமும். காலையில் விளக்கைப் போட்டால் ஒவ்வொரு பொத்தானாகத் திறக்கிறது. எல்லாம் திறந்த பிறகுதான் எனக்குக் காப்பி.

பேட்டரி பம்ப் வாங்கப் பிந்திவிட்டேன். போன வாரம் மதியம் கரண்ட் போய் வெகுநேரம் வரவே இல்லை. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. செம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே நின்றேன். கை ஓய்ந்ததும் உன் அம்மா வாங்கி ஊற்றினாள். "பெத்த பிள்ளைக்கு ஒரு நாள் இப்படி நின்னிருப்பேளா" என்றாள். நான் செம்பை மறுபடி வாங்கிக்கொண்டேன். கரண்ட் வந்தது.

முட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாய். பேப்பர் படிக்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாசியில் வழுக்கிவிடுவாயோ என்று. நானும் கீழே இறங்கினால் மேலே யார் இருப்பது? குட்டைக்குள் நீ என்ன பார்த்தாய் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்காருகிறேன். இத்தனை நேரம் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று அப்போது நினைப்பேன். இருக்கிறது.

இந்த வாரமும் நாலு கேன் அனுப்பச் சொல். அடுத்த வாரமும்.

அப்பா


ராஜாக்கமங்கலம் துறை
20.6.2010

அன்புள்ள அப்பா,

கடல் பத்து நாளாக மோசம். வள்ளங்கள் கரையில். இரவெல்லாம் சத்தம்.

உங்கள் கேனுக்காக மரியான் நேற்று இறங்கப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். "மனுசன் காத்துட்டு இருப்பாரு" என்று வள்ளத்தைத் தள்ளினார். அலை வள்ளத்தைத் திருப்பியது. தோளில் அடி. எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டிருக்கிறது. வலை தூக்கச் சில வாரம் ஆகும்.

அப்பா, உங்கள் தொட்டிக்கு வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் ஊற்றினால் போதும். இது உங்களுக்குத் தெரியும். நாலு பேரிடம் கேட்காமல் குடைகூட வாங்காதவர் நீங்கள். வரும் கேன்களை என்ன செய்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். பின்வாசலில் வரிசையாக இருக்கிறதாம். மூடிகூடத் திறக்கவில்லையாம்.

திருவனந்தபுரத்தில் கடல் தொட்டிக்கான உப்பு விற்கிறார்கள். பொட்டலத்தில் அளவு போட்டிருக்கும். நல்ல தண்ணீரில் கரைத்தால் ஆயிற்று. மீனுக்கு வித்தியாசம் தெரியாது.

கடல் அடங்கினாலும் இனி கேன் அனுப்பமாட்டேன். தண்ணீர்தான் வேண்டும் என்றால் அந்த உப்பு போதும். வேறு ஏதாவது வேண்டும் என்றால் அதை எழுதுங்கள்.

பிந்து


வடசேரி
8.8.2010

அன்பு மகள் பிந்துவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

திருவனந்தபுரம் போய் உப்பு வாங்கி வந்தேன். கரைத்தேன், பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு ஊற்றினேன். மீன் சாப்பிடுகிறது. பவளம் திறக்கிறது. தொட்டிக்கு ஒரு குறையும் இல்லை. எனவே உன்னிடம் கேட்க எனக்கு இப்போது எதுவும் இல்லை. ஒன்றும் கேட்க இல்லாமல் எழுதும் கடிதம் இது. கடினமாக இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு அடிபட்டது எனக்குப் பெரிய வெட்கம். அவரைப் பார்த்து வர உன் அம்மாவை அனுப்பிவைத்தேன், ஆனால் நான்தான் அனுப்பினேன் என்று சொல்லக்கூடாது என்றேன். அவள் சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருக்கிறவளா.

அபினா நடக்கிறாளாமே. அவளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் உன் அம்மா என் காதில் விழும்படி அடுத்த அறையிலிருந்து சொல்கிறாள். நானும் விழாததுபோல் இருக்கிறேன். இப்படியே ஒரு வருடம் போய்விட்டது, பிந்து. அந்தக் குழந்தை இனி ஒருநாளும் முதல்முறையாக நடக்கப் போவதில்லை.

நான் வரலாமா?

உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னது உண்மை. ஜனவரியிலிருந்து அதைக் காப்பாற்றவில்லை என்பது உனக்கும் தெரியும். உன்னிடம் என்ன பேசுவது என்ற கவலை எனக்கு இல்லை. அவரிடம்தான். கல்யாணத்தன்று உங்கள் மாதா கோவில் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிய ஆள் நான். அவர் என்னைப் பார்த்தார். உன்னிடம் இதுவரை சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ எழுதியிருப்பாய்.

அவர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல். நுழைந்ததும் முதலில் அவரிடம்தான் பேச வேண்டும். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. நேற்று உன் அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வந்தது.

அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுது.

அப்பா