தவறான வேகத்தில் என் தம்பி

பிப்ரவரி 11

இன்று காது சோதனைக்கு ஒரு கல்லூரி மாணவன் வந்திருந்தான். ஹெட்ஃபோனிலேயே வாழ்கிறவன். காதில் எந்நேரமும் இரைச்சல் என்றான். அறைக்குள் உட்கார வைப்பதற்கு முன் ஹெட்ஃபோனைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் வெளியே கசிந்தது 'இடைவெளி விடவும்', நானும் தம்பியும் சேர்ந்து செய்த ஆல்பம். மூன்றாவது பாட்டு. பீப், பீப், பீப்.

"இந்த பீப்தான் மேடம் ஆல்பத்தோட உயிரே. தனிமையோட குறியீடு."

"அது எங்கப்பா வேன் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்ப்பா" என்றேன்.

சிரித்தான். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துவிட்டான். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இடது காது கொஞ்சம் போயிருக்கிறது. எங்கள் புண்ணியம்.

பிப்ரவரி 14

ஞாயிறு இணைப்பில் இரண்டு பக்கக் கட்டுரை. 'மாற்று ஹிப் ஹாப்பின் தலையெழுத்தை மாற்றிய முதல் ஆல்பத்துக்குப் பத்து வயது.' நடுவில் தம்பியின் படம், கறுப்புச் சட்டை, மோவாயைத் தூக்கிக்கொண்டு. வீட்டில் அவன் குருவி. கீச்சுக் குரலுக்காகப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஊருக்கு அவன் 'பாதாளம்'.

"காலத்தையே இழுத்து நிறுத்தும் கனத்த குரல்" என்று எழுதியிருக்கிறார் விமர்சகர். இழுத்து நிறுத்தியது குரல் அல்ல ஐயா, கம்ப்யூட்டர்.

எழுதி வைக்கிறேன், இங்கேயாவது இருக்கட்டும். அப்பாவின் வேனுக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். தாளம் எல்லாம் நான் விரலால் தட்டியது. வரிகள் அவனுடையவை. அப்பாவின் முதுகுவலி, தண்ணீர் வராத குழாய், இஸ்திரி போட்டுப் போட்டுப் பளபளத்துப்போன ஒரே பேன்ட். கார், நகை, மிரட்டல் எதுவும் கிடையாது. அப்போது ராப் என்றால் அந்த மூன்றும்தான். மெல்லிய குரலில், மூச்சு வாங்காமல், படபடவென்று பாடினான். கேட்கச் சிரிப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் இருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து முடித்து ஓடவிட்டால், கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு செட்டிங் மாறிக் கிடந்திருக்கிறது. ஆல்பம் முழுக்க மெதுவாக, கனமாக வந்தது. என் தாளம் காலை இழுத்து இழுத்து நடந்தது. சரி செய்துவிடலாம், ஒரு நாள் வேலை என்றேன்.

அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். "வேணாம்க்கா. இப்படியே இருக்கட்டும். இதுல நான் பெரிய ஆளு மாதிரி இருக்கேன்."

இன்று தடுக்கி விழுந்தால் ஒரு பாதாளம். புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் அப்படித்தான் இழுக்கிறார்கள். வங்கிக் கடன் விளம்பரத்தில்கூட அந்த இழுவை.

பிப்ரவரி 15

கட்டுரையை மறுபடி தேடிப் பார்த்தேன். என்னைப் பற்றி இரண்டே சொல்: 'சகோதரியின் உதவியுடன்'. உதவியாம்!

மார்ச் 2

குருவி வீட்டுக்கு வந்தான். "அம்மா" என்று கூப்பிட்டதே தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது. அம்மா வெந்நீர் வைக்க ஓடினாள்.

எங்கள் கிளினிக் மாடியில் இருக்கிற தொண்டை டாக்டரம்மாவிடம் போயிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாவே மத்தியானம் லிஃப்ட்டில் என்னிடம் சொன்னார்: "உங்க தம்பி குரல் நாண்ல வீக்கம். இல்லாத குரலை வருஷக்கணக்கா அழுத்தி எடுத்துட்டு இருக்கார். இதோட நிறுத்தலன்னா அப்புறம் எந்தக் குரலும் இருக்காது. சொல்லி வைங்க."

ஏப்ரலில் பத்தாம் ஆண்டு நிகழ்ச்சி. ஆல்பம் முழுவதையும் மேடையில் பாடப் போகிறானாம். டிக்கெட் எல்லாம் போய்விட்டதாம்.

அதைச் சொல்லும்போதுகூட அந்தப் பாதாளக் குரலில்தான் சொன்னான். சொந்தச் சமையலறையில், அம்மாவிடம்!

மார்ச் 3

சண்டை.

"உன் குரல்லயே பாடேன்டா" என்றேன்.

"என் குரல் யாருக்குக்கா வேணும்?"

எனக்கு வேணும்டா. அதை ஏன் அங்கே சொல்லவில்லை? வாயில் என்ன கொழுக்கட்டையா? அதற்குப் பதிலாக வேலைக்காரி மாதிரி யோசனை சொன்னேன். நீ இயல்பாகப் பாடு, நான் சவுண்ட் மிக்சரில் உட்கார்ந்து குரலை இறக்கித் தருகிறேன், யாருக்கும் தெரியாது, தொண்டையும் பிழைக்கும்.

முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. "ஜனங்களை ஏமாத்தச் சொல்றியா?"

"பத்து வருஷமா வேற என்னடா பண்ணிட்டு இருக்க?"

சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்தாள். அவன் டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தான், செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே போய்த்தான் மாட்டிக்கொண்டான்.

பொறாமை என்று நினைத்திருப்பான். இருக்கட்டும். பொறாமையும் உண்டுதான். என் விரல்கள் தட்டிய தாளத்தில் ஊரே தலையாட்டுகிறது, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "கேட்குதா, கேட்கலையா" என்று பிழைக்கிறேன். எரியாதா? ஆனால் நேற்று அவன் இருமினானே — அதைக் கேட்டபோது எரிந்தது வேறு.

மார்ச் 20

போனை எடுக்க மாட்டேன் என்கிறான். அம்மா போட்டால் எடுக்கிறான். பேச மாட்டானாம், கேட்டுக்கொண்டே இருப்பானாம்.

ஏப்ரல் 6

போனேன். போகாமல் எப்படி இருப்பது? டிக்கெட் வாங்கித்தான் போனேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

மிக்சருக்குப் பக்கத்தில் போய் நின்றேன், பழக்கதோஷம். சவுண்ட் இன்ஜினியர் திரும்பினார். "மேடம், இங்கல்லாம் நிக்கக் கூடாது." என் தாளம் அவர் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. நகர்ந்து நின்றேன்.

முதல் இரண்டு பாட்டைத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றினான். மூன்றாவதில் அப்பாவின் வேன் பீப் அடித்தது, கூட்டம் அலறியது. இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. உடைந்து — அவன் குரல் வந்தது! குருவியின் குரல். மெல்லிசாக, வேகமாக, தாளத்தை முந்திக்கொண்டு. இரண்டே வரி. அவன் முகத்தில் பயமில்லை, சத்தியமாக இல்லை. அப்படியே போடா, போயிட்டே இருடா என்று நான் கத்தியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் என்னை முறைத்தார்.

கூட்டம் சிரித்தது. கேலிகூட இல்லை, அவன் விளையாடுகிறான் என்று நினைத்த சிரிப்பு. அப்புறம் ஒருவன் ஆரம்பித்தான்: "பாதாளம்! பாதாளம்!" அரங்கமே பிடித்துக்கொண்டது.

அவன் கண்ணை மூடினான். பழையபடி அழுத்தினான். வாய் அசைந்தது, வெறும் காற்று வந்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை.

மிச்ச ஆல்பத்தைக் கூட்டமே பாடியது. அத்தனை பேரும், ஒரு எழுத்து பிசகாமல், அந்தத் தவறான வேகத்தில். அவன் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டியபடி நின்றான். கை வலித்திருக்கும். எனக்கு அவர்கள் எல்லாரையும் அறைய வேண்டும் போல இருந்தது.

ஏப்ரல் 8

உடனே அறுவை சிகிச்சை என்றார் டாக்டரம்மா. பத்திரிகையில் அதே விமர்சகர்: 'பாடாமலே பாடிய மகத்தான இரவு. மௌனமே உச்சக்கட்டக் கலை.'

அடப்பாவிகளா. அவனுக்குக் குரல் போச்சுடா.

ஏப்ரல் 23

அறுவை முடிந்து இரண்டு வாரம். இன்னும் பேசக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. வீட்டில்தான் இருக்கிறான். அம்மாவிடம் சைகை, என்னிடம் அதுவும் இல்லை. குளியலறைக் கதவை மட்டும் பலமாகச் சாத்துகிறான்.

மே 5

டாக்டரம்மா இன்று சொன்னது: மெல்லிசாக ஒரு குரல் மெதுவாகத் திரும்பலாம். பாதாளம் திரும்பாது. முயற்சி பண்ணினால் இருப்பதும் போகும்.

அவன் தலையாட்டிக்கொண்டான். பிறகு படியிறங்கி என் கிளினிக்குக்கு வந்து நின்றான். சாப்பாட்டு நேரம், யாருமில்லை. போனில் தட்டிக் காட்டினான்: 'அது இருக்கா?'

எது என்று நான் கேட்கவில்லை. சரி செய்யாதே என்று அவன் சொன்ன பிறகும் ஆல்பத்தை நான் சரி செய்து வைத்திருந்தேன். இத்தனை வருடமாக டிபன் பையோடு கூடவே வந்துபோகிற சின்ன டிஸ்க்கில் இருக்கிறது.

சோதனை அறைக்குள் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினேன். பொத்தானையும் கையில் கொடுத்தேன், பழக்கதோஷம். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து ஓடவிட்டேன். மூன்றாவது பாட்டு, அவன் பாடிய வேகத்தில்.

என் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் கேட்டால் அழுத்துவார்கள், உடனே விடுவார்கள். இவன் விடவில்லை. பாட்டு முடிந்தும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே வந்து போனை நீட்டினான்.

'நல்லாதான் பாடியிருக்கான்ல, இவன்?'

திட்டுவதற்குப் பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"நல்லாதான்டா பாடினான்" என்றேன்.